முட்டு

கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில்
மை தட்டிலேயே காய்ந்துவிடும்.
விசிறியை நிறுத்தி, யன்னலைச் சாத்தி,
வியர்வை அட்டையில் சொட்டாமலிருக்க
நெற்றியில் துவாய் கட்டிக்கொண்டு
இரவு ஒன்பதுக்கு உட்காருகிறேன்
பாலையூற்றில், உடுப்பு மினுக்குகிற மேசையில்.

தடித்த வெள்ளை அட்டை. நடுவில் ஒரு மடிப்பு.
முன்பக்கத்தை மறுபடி பாதியில்
வெளியால் மடிக்கவேண்டும்.
கோடு கீற, எழுதி முடிந்த பேனை;
பிளேட் பட்டால் அட்டை வெடிக்கும்.
படத்தை ஒட்டும்போது
கீழ்ப்பாதிக்கு மட்டும் பசை.
மேலேயும் பூசினால்
அது எழும்பவே எழும்பாது.

எழும்பினாலும் சறுக்கும்.
தரையாய்க் கிடக்கிற உட்பக்கத்தில்
கொஞ்சம் தடிப்பாய் எதையாவது ஒட்டினால்
படத்தின் அடிவிளிம்பு அதில் முட்டி நிற்கும்.
கடையில் விற்கிற அட்டைகளில்
அந்த இடத்தில் இருப்பது வாழ்த்து.
சொல் தடுக்காவிட்டால்
படம் மல்லாந்துவிடும்.

எனக்கு அந்தச் சொல்தான் இல்லை.

தம்பி மகள் செரீனாவுக்கு ஞாயிறு முதல் நன்மை.
உறையைப் பிரிக்கப்போவது தாய்.
றெஜினாவும் நானும் கதைத்து
இரண்டு வருஷமும் நாலு மாதமும்.
ஒன்றரை அடி வேலி.
"நில அளவைக் கந்தோர்க்காரி
தன்ர எல்லையைத் தானே அளந்தவள்"
மீன் சந்தையில் நின்று சொன்னாள்.
அளந்தது நானில்லை.
வரைபடத்தில் முத்திரை குத்தியது
இந்தக் கைதான்.

பிள்ளைக்கு மான் பிடிக்கும்.
பெரிய அழிறப்பரில் வலப்பக்கம் பார்க்கச் செதுக்கினேன்,
தாளில் இடப்பக்கம் பார்த்தது.
பக்கத்தில் வெள்ளி மினுக்கத்தில் ஒரு மெழுகுதிரி.
முதல் அட்டையைக்
கந்தோர் மதிலில் காயவைத்துவிட்டுச் சாப்பிடப் போக,
கோட்டைப் பக்கமிருந்து வந்த புள்ளிமான்
தன்னையே தின்றுவிட்டுப் போனது.
மெழுகுதிரியை மட்டும் துப்பியிருந்தது.
"மிஸ், பெறப்பட்டது எண்டு
ஒரு சீல் அடிச்சு விடவா?"
நிஹ்மத்துல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இரண்டாவதற்கு அவசரம்.
பிளேட் வழுக்கி
புது மானுக்கு ஒரு கொம்பு போயிற்று.
போகட்டும்.
'இறையாசீர்' பூசைக்குரிய சொல்.
'வாழ்த்துக்கள்' கதைபேச்சு உள்ளவர்களுக்கு.
'மன்னிப்பு' யார் யாரிடம்?
கைப்பைக்குள் கிடந்தது
பிடி உடைந்த பழைய கந்தோர் முத்திரை:
சரிபார்க்கப்பட்டது.

முதல் இரண்டு எழுத்தை விட்டு
மிச்சத்துக்கு டேப் ஒட்டினேன்.
மை ஒற்றி, டேப்பை உரித்து,
மூச்சைப் பிடித்து அழுத்தினேன்.
ஊதா நிறத்தில்
சரி.
அடியில் செருப்பு றப்பர்த் துண்டு இரண்டு வைத்துத்
தடிப்பாக்கி ஒட்டினேன்.
மான் அதில் கால் ஊன்றி நின்றது.

பக்கத்து வீட்டுக்குத்தான்,
முத்திரை ஒட்டித் தபாலில் போட்டேன்.
நிற்கவேண்டியது
உறைக்குள் தட்டையாய்ப் படுத்துக்கொண்டு
நகரத் தபாற்கந்தோர்வரை போய்
நாலு நாளில் திரும்பி வந்தது
என் படலையைக் கடந்து.

சனி பின்னேரம் தகரவேலிக்கு அந்தப் பக்கம் குரல்.
யாருக்கென்று இல்லாமல்.
"இதென்ன, விழுந்து விழுந்து போகுது."

உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன்.
கொளுக்கி வாயில்.
எடுத்துவிட்டுச் சொன்னேன்:
"வெளியால மடிக்கோணும்."
"எந்தப் பக்கத்தை?"
"முன்பக்கத்தை. பாதியில.
உள்ளுக்கு ஒரு சொல் கிடக்குதெல்லே,
அதில முட்டக் குடுங்கோ."

கொஞ்சநேரம் சத்தமில்லை.
அட்டை அட்டையில் உரசியது.
"சரி" என்றாள்.

வாசித்தாளா,
நின்றுவிட்டதைச் சொன்னாளா,
கேட்க வாயெடுக்கக்
கச்சான் தகரத்தில் ஒருதரம் அடித்தது.
உள்ளேயிருந்து பிள்ளை கத்தினாள்:
"மாமி! மானின்ர மற்றக் கொம்பு எங்க?"