வெளியேறினார்

மின்சாரம் வந்த நாற்பது நிமிடத்துக்குள்
பொருளாளர் சின்சிங்கா பட்டியலைப் போட்டுவிட்டார்.
பிளான்டயர், நிடிராண்டே சபை, காணிக்கை விவரம்.
பெயர், அதற்கு நேரே குவாச்சா.
லோவ்னெஸ் கச்சிங்வேக்கு நேரே
ஒரு முட்டை.
இருபத்தேழு கட்டைவிரல்கள் உயர்ந்தன.
ஒன்று போதகருடையது. ஒன்று என்னுடையது.

புதன் இரவு ஒன்பது பதினொன்றுக்குச்
சாம்பல் நிறத்தில், சின்ன எழுத்தில்,
'லோவ்னெஸ் வெளியேறினார்.'
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
விடிந்ததும் அதன்மேல்
பாடகர் குழு எஸ்னாட்
பனித்துளி வைத்த ரோஜா ஒன்றைப் போட்டு
எல்லாருக்கும் காலை வணக்கம் என்றாள்.

நான் அட்மின்.
நூற்று நாற்பது பேரைச் சேர்க்கவும் நீக்கவும்
இந்த விரலுக்கு அதிகாரம் உண்டு.
ஒருத்தி வீட்டுக்கு நடந்து போக
எந்த அதிகாரமும் தேவையில்லை.
அதனால்தானோ என்னவோ, போகவில்லை.

குரல்பதிவு அனுப்பினேன்.
'அக்கா, மனசில் வைக்காதீர்கள்.'
ஒற்றைக் குறி.
ஞாயிறும் ஒற்றைக் குறி.
ரோஷக்காரி என்றார் சின்சிங்கா.
நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்,
வசதியாக இருந்தது.
பிரசங்கத்தைப் பதிந்து போட்டோம்,
டேட்டா தின்னுமென்று ஆறு துண்டாக.
உபவாச நாள், சவ அடக்கம், கூரைத் தகடு,
மறுபடி ரோஜா.

நான்காம் சனி, மினிபஸ் பழுதாகிச்
சந்தைத் திருப்பத்தில் இறக்கிவிட்டார்கள்.
தேடிப் போனேன் என்று சொன்னால் பொய்.
எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் அவள்,
இடுப்பில் சிதெஞ்சேத் துணி,
மாவை உருட்டி மண்டாசி பொரித்துக்கொண்டு.

"ஏன் அக்கா வெளியே போனீர்கள்?"
"எங்கிருந்து?"

போனை விற்றுவிட்டாளாம்,
அந்தச் செவ்வாய்க்கிழமையே,
மகனின் பரீட்சைக் கட்டணத்துக்கு, சிம்மோடு சேர்த்து.
வாங்கியவன் எவனோ
ஒரே நாளில் இத்தனை அல்லேலூயாவைக் கண்டு மிரண்டு
வெளியேறியிருக்கிறான்.
பட்டியலை அவள் பார்க்கவே இல்லை.
அவன் பார்த்திருப்பான்.

"முழங்கால் வீங்கி மூன்று ஞாயிறு எழவில்லை.
ஒருத்தரும் எட்டிப் பார்க்கலையே என்றுதான்..."
முடிக்காமல்
கரண்டியால் ஒன்றைப் புரட்டினாள்.
"சரி, என்ன நடக்கிறது அங்கே? வாசி."

பலகைமேல் உட்கார்ந்து
கீழிருந்து மேலாக வாசித்தேன்,
முந்நூற்றுச் சொச்சம் செய்திகள்.
எஸ்னாட்டின் ரோஜாவுக்கு
"கிலோ என்ன விலை?" என்று சிரித்தாள்.
ம்செகாவின் அப்பா போய்விட்டதற்கு
மாவுக் கையைத் துடைத்துவிட்டுச் சற்று நின்றாள்.
ஒரு மண்டாசி கருகியது.
அந்தப் புதன் வந்தபோது
என் விரல் தானாக வேகம் பிடித்தது.
"எதையோ தாண்டினாய்."
"ஒன்றுமில்லை அக்கா. கூரைத் தகடு."

போனை அவள் வாய்க்கு நேரே நீட்டினேன்.
புதிதாகப் பேசப் பழகுகிறவள் போல்
தொண்டையைச் செருமிக்கொண்டாள்.
நாற்பத்திரண்டு நொடி.
முக்கால்வாசி எண்ணெய்ச் சத்தம்.
நடுவில்,
"நான்தான், லோவ்னெஸ். இங்கேதான் இருக்கிறேன்."

மேட்டில் ஏறி வீடு சேர்வதற்குள்
இரட்டைக் குறிகள் நீலமாகியிருந்தன.
சின்சிங்கா ஒரு கட்டைவிரலைப் போட்டு,
எடுத்துவிட்டு,
கேட்டிருந்தார்:
'எந்தத் திருப்பம்?'