ஏழாம் மாடி வராந்தா

விமான நிலையச் சரக்குப் பிரிவில்
எனக்கு இரவு வேலை.
காலை ஒன்பதுக்கு ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு
தாராவியை அணைத்துவிடுவேன்.
அணைக்க முடியாதது ஒன்றுதான்:
தலைக்கு மேல், ஏழாம் மாடி வராந்தாவில்
இரண்டு சின்னச் சக்கரங்கள்.

மழை மாதம். கீழே சந்தெல்லாம் கணுக்கால் தண்ணீர்.
லிஃப்ட் ஜூனிலேயே படுத்துவிட்டது.
பிள்ளைகளுக்கு மிச்சம் இருந்தது
பதினெட்டுக் கதவு நீளமும் ஐந்தடி அகலமுமாக
அந்தத் தரை மட்டும்.
பெரிய சக்கரங்கள் வழுக்கிக்கொண்டு போய்விடும்.
பக்கத்தில் மாட்டிய குட்டிகள்தான்
டைல்ஸ் இடுக்கு ஒவ்வொன்றிலும்
பல்லைக் கடித்துக்கொண்டு வரும்.
கடகட கடகட.
திரும்பும்.
கடகட.

நான் மேலே போகவில்லை.
முகம் காட்டிச் சண்டை போட எனக்கு வராது.
செயலாளர் காம்ளேயிடம் சொன்னேன்,
அவர் வாட்ச்மேனிடம் சொல்ல,
வாட்ச்மேன் ஜெபசீலியிடம் சொல்ல,
மறுநாளே அவள் பிளம்பரிடம் பானா இரவல் வாங்கி
இரண்டையும் கழற்றிவிட்டாளாம்.
பெனிட்டாவுக்கு ஏழு வயது.
தயாரா என்று அவளை யாரும் கேட்கவில்லை.
என் தூக்கம்தான் முடிவு செய்தது.

அதற்குப் பிறகு கேட்டதை என்ன சொல்ல.
நான்கு எண்ணுவதற்குள் ஒரு தொப்.
பிறகு இரும்பு விழும்.
பிறகு ஒன்றும் இருக்காது.
அந்த ஒன்றுமில்லாததில்
அவள் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று
படுத்தபடியே எனக்குத் தெரியும்.
வராந்தாக் கோடியில் ஒரு நீல டிரம்.
அதில் போய் மோதும் ஓசையை வைத்தே
அன்று தண்ணீர் வந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவேன்.
குறை டிரம்தான் கூத்தாடும்.

ஒருநாள் படிக்கட்டில் ஜெபசீலி எதிரே வந்தாள்,
கையில் நாலைந்து பேண்ட்-எய்டு.
மின்சார மீட்டரைப் படிப்பதுபோல்
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றிரவு ஓடுதளத்தையே பார்த்தபடி நின்றேன்.
அத்தனை பெரிய விமானம்கூட
நன்றாக எழும்பிய பிறகுதான்
சக்கரத்தை வயிற்றுக்குள் மடக்குகிறது.
சாய் ஆறுகிறது என்றான் ஷிண்டே.

பிறகு பகல்களில் எண்ணத் தொடங்கினேன்.
ஐந்தில் தொப். ஆறில் தொப். மறுபடி நான்கு.
சனிக்கிழமை பதினொன்று வரை போனது.
பதினொன்று என்றால் எட்டாவது கதவு,
செருப்பு ஸ்டாண்டு வைத்திருக்கும் வீடு.
அவளோடு சேர்ந்து செருப்புகளும் விழுந்தன,
மழை விட்ட பிறகு கூரை சொட்டுவதுபோல
ஒவ்வொன்றாக.
யாரோ இந்தியில் திட்டினார்கள்.
"நேராப் பாருடி, சக்கரத்தப் பாக்காத" என்றேன்
மின்விசிறியிடம்.

செவ்வாய்க்கிழமை எதுவுமே கேட்கவில்லை.
அதில்தான் விழிப்பு வந்தது.
எட்டு, பன்னிரண்டு, இருபது
எண்ணியும் தொப் இல்லை.
மண்டையில் கிண்டையில் பட்டு
பனியனோடு படியேறினேன்,
இந்தக் கட்டடத்துக்கு வந்து ஆறு வருடத்தில்
முதல்முறையாக.

ஏறி முடித்த இடத்தில்
என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது சைக்கிள்.
உதட்டோரம் துருத்திய நாக்கு,
இரண்டு முழங்காலிலும் காய்ந்த மஞ்சள்,
பின்னால் பிடிக்க ஓர் ஆள் கிடையாது.
விலகு என்று கத்தவில்லை அவள்,
புருவத்தால் தள்ளினாள்.
சுவரோடு ஒட்டினேன்.
கைப்பிடியில் தொங்கிய பிளாஸ்டிக் குஞ்சம்
என் தொப்பையை உரசிக்கொண்டு போனது.
டிரம்முக்கு ஒரு சாண் இருக்கையில்
காலை ஊன்றினாள்.
நின்றது.

எனக்கு என்ன வந்ததோ,
இரண்டு விரலை வாயில் வைத்து
வான்கடேயில் அடிப்பதுபோல்
ஒரு விசில் அடித்துவிட்டேன்.

திரும்பிய வேகத்தில்
அவள் விரல் உதட்டுக்குப் போனது.
"ஷ்ஷ்... மெதுவா அங்கிள்.
கீழ ஒருத்தர் தூங்குறாரு."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
வந்த படிகளில் இறங்கினேன்.