உப்புக் கணக்கு

ஜுபைலில் கடலைக் குடிநீராக்கும் ஆலையில்
எனக்கு வேலை.
எட்டு மணி நேரமும் அழுத்தமானியின் முள்ளைப் பார்த்திருப்பேன்.
அறைக்கு வந்தால்
கொளஞ்சிநாதன் தண்ணீரே வேண்டாம் என்கிறான்.

ஸ்டோர் கீப்பர். வயது நாற்பத்து மூன்று.
ஈரலில் கொழுப்பு என்று ரிப்போர்ட் வந்த இரவு
போனில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்:
மூன்று நாள் சோறும் தொடாதே, நீரும் தொடாதே,
உடம்பு தன் கெட்டுப்போன செல்லைத் தானே தின்னும்,
கொழுப்பைப் பிழிந்து தண்ணீர் எடுத்துக்கொள்ளும்,
ஒட்டகத்தைப் பார்.

ஒட்டகத்தைப் பார்த்தோம்.
அபு ஹத்ரியா சாலையோரம்
ஒன்று தொட்டியில் வைத்த வாயை
நாங்கள் டீ குடித்துக் காசு கொடுத்த பிறகும்
எடுக்கவில்லை.
"பாத்தியா?" என்றேன்.
"அது வேற" என்றான்.

வியாழன் இரவு பத்துக்குக் கடைசி மடக்கு.
வாய் கொப்பளித்தால் உள்ளே போய்விடுமாம்,
வெறும் பிரஷ்ஷால் பல்லைத் தேய்த்தான்.

முதல் நாள் எரிந்து விழுந்தான்.
இரண்டாம் நாள், சொல்லத்தான் வேண்டும்,
முகத்தில் ஒரு தெளிச்சல்.
பசி செத்துப்போச்சு, தலை கண்ணாடி மாதிரி இருக்கு என்றான்.
தராசில் நாலு கிலோ குறைவு.
எனக்குக் கொஞ்சம் பொறாமை.
என் தண்ணீரை அலமாரிக் கதவுக்குப் பின்னால் நின்று
திருடியவன் போலக் குடித்தேன்.

ஆனால் என் தொழில் எனக்குத் தெரியும்.
நூறு வாளிக் கடலில் நாற்பதை எடுத்துவிட்டால்
மிச்ச அறுபதில்
நூற்றின் உப்பும் நிற்கும்.
உப்பு தானாக எங்கும் போகாது.
அதைக் கொண்டுபோய்க் கொட்ட ஒரு குழாய் வேண்டும்,
அந்தக் குழாயில் ஓடவும் தண்ணீர் வேண்டும்.
சல்லடைச் சவ்வில் படிமம் ஏறத் தொடங்கினால்
முள் முதலில்
ஒரு மயிரிழைதான் நகரும்.

அடுத்த கட்டிலில் மீரான், அவனுக்கும் எங்கள் வயதுதான்,
நகம் வெட்டியபடி சொன்னான்:
"நானும்தான் நோன்பு வைக்கிறேன் மாப்ளே.
விடியறதுக்கு முன்னாடி குடிக்கச் சொல்லியிருக்கு,
பொழுது சாஞ்சா உடனே திறக்கச் சொல்லியிருக்கு,
சீக்காளிக்கு விலக்கு வேற.
உன்னுதுல மஃரிபே வரலையே?"
பிறகு, கொஞ்சம் யோசித்து,
"அந்த மாசம் எனக்கு ரெண்டு கிலோ கூடத்தான் செய்யும்."
கொளஞ்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

ஞாயிறு. ஜூலை. நாற்பத்தெட்டு டிகிரி.
யார்டு கழிப்பறைச் சுவரில் கம்பெனி ஒட்டிய அட்டை:
மூத்திரத்தின் எட்டு நிறங்கள்,
வெளிர் மஞ்சளில் தொடங்கிப் பழுப்பில் முடியும்.
எட்டாவதன் அடியில் நான்கு மொழிகளில்
உடனே தெரிவிக்கவும் என்றிருக்கும்.
தமிழ் இல்லை.
எட்டுக்கும் கீழே ஒரு நிறம் இருக்குடா என்று
எனக்குப் போன் செய்தான்.
சிரித்துக்கொண்டுதான் செய்தான்.
பேசிக்கொண்டிருக்கும்போதே கெண்டைக்கால் இழுத்து
கேபிள் உருளையைப் பிடித்தபடி
மணலில் உட்கார்ந்துவிட்டானாம்.

கிளினிக்கில் நர்ஸ் அவன் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டாள்.
மடிப்பு மடிப்பாகவே நின்றது.
கிரியாட்டினின் எண்ணை டாக்டர் வாயால் சொல்லவில்லை,
பேனாவால் இரண்டு முறை வட்டமிட்டார்.
பிறகு சலைன், இரண்டு பை.
அதிலும் உப்புதான்,
ஆனால் அளந்து போட்ட உப்பு.

மறுநாள் தராசில்
மூன்றரைக் கிலோ திரும்பி வந்திருந்தது.
"வட்டிக்காரன் மாதிரி வந்து நிக்குது பாரு" என்றான்.
ஈரல் என்ன ஆனதென்று யாருக்கும் தெரியாது,
ஸ்கேனுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது.
"வெயில்ல ஆரம்பிச்சதுதான் தப்பு.
டிசம்பர்ல..."

கீழே ஷிஃப்ட் வேன் ஹாரன் அடித்தது.
பூட்ஸ் கயிற்றைக் கட்டியபடி பார்த்தேன்:
பாட்டில் மூடியில் தண்ணீரை ஊற்றி,
மூடி மூடியாக,
கசப்பு மருந்துபோலக் கண்ணை மூடிக்கொண்டு
குடித்துக்கொண்டிருந்தான்.