பன்னிரண்டாம் கட்டம்

ஆயிரங்கால் தூண்டில் ஏறிவருகிறது.
முதல் நாற்பது முள்ளிலும் உதடு.
மீன் இல்லை.
பல்மீனின் தடித்த உதடும்
அதைத் தொட்டுக்கொண்டு கொஞ்சம் தாடையும்.
சவரக்கத்தி போட்டாற்போல் சுத்தமான வெட்டு.

எண்ணுவது என் வேலை.
குரோஸே தீவுகளுக்குத் தெற்கே
கம்பெனிக்கும் சேராமல் கடலுக்கும் சேராமல்
ஒரு படிவத்தோடு நிற்கிறேன்.
பன்னிரண்டாம் கட்டம்: திமிங்கிலத்தால் இழந்தவை.
தளத்தில் எனக்கு அதுவே பெயர்.
"பன்னிரண்டு, காபி ஆறுது"
என்று கத்துவான் ரீயூனியன்காரன் எக்ஸ்பெதி.

விஞ்ச் முதல் சுற்றுச் சுற்றியதுமே
அவற்றுக்குத் தெரிந்துவிடுகிறது,
இலை போட்டாயிற்றென்று.
பத்து மைலுக்கு அப்பாலிருந்தும் வருகின்றன,
அவசரமில்லாமல்,
கல்யாணவீட்டு நெருங்கின சொந்தம்போல.

கேப்டன் டுக்துவால் ஒருமுறை
கயிற்றை அறுத்து மிதவை கட்டிவிட்டு
விளக்கணைத்து ஓடினார் அறுபது மைல்.
ஒன்றரை நாள் கழித்து வேறொரு கயிற்றில்
முழு மீனாக வந்தது, கண்ணோடு, வாலோடு.
முப்பத்தேழு எண்ணினேன்.
எக்ஸ்பெதி சிலுவை போட்டுக்கொண்டான்.
அப்புறம் மூடுபனிக்குள்
யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

மூச்சைக்கூட நினைத்து நினைத்து விடவேண்டிய உயிர்.
மறந்து தூங்கினால் மூழ்கும்.
அதனால் மூளையில் பாதி உறங்க
மறுபாதி விழித்துக் கரையேற்றும்.
இந்த வாட்ச்சில், விடிகாலை நான்கு மணிக்கு,
எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஒலிவாங்கியைக் கயிற்றில் இறக்கினால்
எண்ணெய் காணாத கீலின் கீச்சு,
முடிவில் மட்டும் மேலே வளையும்.
இந்தக் குடும்பத்தின் பேச்சு அது.
அடுத்த குடும்பம் அதே கடலில்
அதே மீனுக்கு வேறு மாதிரி இழுத்துச் சொல்லும்.
மகன் தாடி நரைக்கும் வயதானாலும்
(தாடி இல்லை, வயது உண்டு)
அம்மாவை விட்டு நகர்வதில்லை.

படத்தொகுப்பில் முப்பத்தொன்று ஒரு பெண்.
துடுப்புக்குப் பின்னே சாம்பல் சேணத்தில் இரண்டு கீறல்.
கீழ்த்தாடை இடப்பக்கம் தொங்குகிறது,
திருகு கழன்ற டிராயர்.
அவளால் முள்ளிலிருந்து எதையும் பிய்க்க முடியாது.

இன்று பார்த்தேன்.
வேறொருத்தி பாதி மீனைக் கவ்விவந்து
அவள் முகத்துக்கு முன்னால் விட்டாள்.
நழுவியது.
எடுத்து மறுபடி விட்டாள்.
நழுவியது.
மூன்றாம் தரம் இன்னும் சின்னதாய்க் கிழித்து.

கேப்டன் படியிறங்கி வந்திருந்தார்.
கையுறை இல்லை.
"சுட்ட காயம்" என்றேன்.
"அனுமதியில்லாத படகுகள் வந்த காலத்தில்..."
"தெரியும்" என்றார்.
நெடுநேரம் சிகரெட்டைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்திருந்தார்.
"எனக்கு அப்போ பத்தொன்பது வயசு.
கொடிகூட இல்லாத படகு."

வேறொன்றும் சொல்லவில்லை.
சொல்வாரென்று காத்திருந்தேன்,
எக்ஸ்பெதியும் காத்திருந்தான்,
விஞ்ச்கூட நின்றிருந்தது.
பிறகு கையை உயர்த்தி
"ஏத்து" என்றார்.

உதடு. உதடு. ஒரு முழு மீன். உதடு.
எக்ஸ்பெதி முள்ளிலிருந்து கழற்றிக் கழற்றி
அல்பட்ராஸ்களுக்கு எறிந்தான்.

நூற்றுப் பதினெட்டு என்று எழுதினேன்.
அதற்கும் கீழே குறிப்புக்கென்று
இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள்.
பேனா உறைந்திருந்தது.
வாய்க்குள் வைத்துச் சூடாக்கி எழுதினேன்:
காற்று மேற்கிலிருந்து. அலை ஐந்து மீட்டர்.
பார்வைத் தெளிவு நன்று.