ஒரு பெசோ கூடுதல்

கூத்தாநல்லூர்க் கடைத்தெருவில்
நாணயம் மாற்றும் கண்ணாடிச் சன்னலுக்கு
உள்பக்கம் நான்.
ரிங்கிட், திர்ஹம், ரியால், சிங்கப்பூர் வெள்ளி.
பலகையில் இருப்பவை இவைதாம்.
வெள்ளி விலை கேட்காமல்
இந்த ஊரில் பொழுது விடிவதில்லை.

முத்துப்பேட்டை அபூசாலி
ஐந்து தாள்களை விரித்தபோது மணி நாலேகால்.
"பெசோ. மணிலாக் காசு."
பட்டியலில் இல்லை என்றேன்.
"தெரியும்மா. மாத்த வேணாம்.
நல்லதான்னு மட்டும் பாருங்க."

கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவர்.
ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தரி பிடிப்பாராம்.
ரொடெல்யோ என்றொரு சமையற்காரன்
பையில் எது இருக்கிறதோ அதைக் கூலியாக நீட்டி
முடி விழுந்து முடிவதற்குள்
தாளில் இருப்பவர் கதையையும் முடித்துவிடுவானாம்.

ஊதா விளக்கில் ஆயிரத்தைப் பிடித்தேன்.
மூன்று முகங்கள்.
"மூணு பேரையும் ஜப்பான்காரன் முடிச்சிட்டான்.
நீதிபதி ஒருத்தரு, தளபதி ஒருத்தரு.
இந்தம்மா ஹோசபா.
சிறையில கெடந்தவங்களுக்குச் சோறும் மருந்தும்
கடத்திக் குடுத்தவங்க.
பொதைச்ச எடம் தெரியாதாம்."
தாளை வெளிச்சத்துக்குத் தூக்கினேன்.
எழுதாத வெள்ளைப் பகுதியில்
இன்னொரு தரம் வந்து நின்றார், நிழலாக.

ஐந்நூறில் கணவனும் மனைவியும்.
"ஃபிளைட்டை விட்டு எறங்குனதும் சுட்டுட்டாங்க அவரை.
அப்பறம் இந்தம்மா நாட்டுக்கே தலைவி."
நம் தாளில் யாரை யார் பக்கத்தில் வைப்பது என்று
ஒரு நிமிஷம் யோசித்தேன்.
மறுநாள் திருவாரூருக்குப் பஸ் ஓடாது.

ஐம்பதில் ஓர் ஏரி; அதை அவர் பேசவில்லை.
நூறின் முதுகில் எரிமலை.
கொள்முதல் நிலைய வாசலில்
நெல்லைக் கொட்டினால் தானாக நிற்குமே,
அந்தச் சரிவு. புகைவது ஒன்றுதான் வித்தியாசம்.

பிறகு இருபது.
முன்பக்கம் மொழிக்குத் தகப்பன் என்று பட்டம் பெற்றவர்.
(என் மொழி என் ரூபாயில்
பதினைந்தில் ஒன்றாக, பொடி எழுத்தில்.)
திருப்பினால்
மலையைப் படி படியாக வெட்டி நெல் நட்டிருக்கிறார்கள்,
வானம் வரைக்கும் வரப்பு.
எங்கள் பக்கம் உயரம் என்றால்
கோபுரம், இல்லையென்றால் மினாரா.
மேட்டூர் திறந்து பதினேழு நாள்.
வெண்ணாற்றுக் கடைமடையில் இன்னும் மண் வெடிப்பு.
"உச்சிப் படிக்குத் தண்ணி யாரு விடறது?
மேல இருக்கறவன் மறிக்க மாட்டானா?"
அபூசாலி தலையைச் சொறிந்தார்.
"கேக்க மறந்துட்டேனே.
ஆனா ஐ.ஆர். இருபது நெல்லு
ஒங்க நாட்டுப் பண்ணையில பொறந்ததுடான்னு
நாந்தான் அவனுக்குச் சொன்னேன்.
நம்பல. பாதித் தலையோட எழுந்திரிச்சுப் போயி
போன்ல பாத்துட்டு வந்து ஒக்காந்தான்."

கடைசியாகச் சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயம்.
ஒரு பெசோ. ரிசால்.
"கண் டாக்டரு. முதுகைக் காட்டி நிக்க வச்சாங்களாம்.
குண்டு பாயறப்பத் திரும்பி
மொகம் மேல பாக்க விழுந்தாராம்.
அந்த எடம் இப்பப் பார்க்கு.
புள்ளைங்க பட்டம் விடுதுங்களாம்."
இவ்வளவு பெரிய ஆள் ஏன் இத்தனை சின்னக் காசில்?
"ஆறாவது தடவை அவங்கிட்ட
அதான் இருந்துச்சு."

தாள்கள் எல்லாம் நல்லவை என்றேன்.
ஒவ்வொன்றாக நீவி மடித்துக்கொண்டு
நாலே முக்கால் பஸ்ஸுக்கு ஓடினார்.

கதவடைக்கும்போதுதான் பார்த்தேன்,
முத்திரை மைப்பெட்டிக்குப் பின்னால் அந்த நாணயம்,
முகம் மேல் பார்க்க.
கணக்கில் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
கூடினால் எழுதப் பத்தி கிடையாது.
பேரேட்டின் ஓரத்தில்
பென்சிலால் ஒன்று என்று போட்டு,
எதில் ஒன்று என்று
எழுதாமல் விட்டேன்.