உடனடிக் காரணம்

மதியச் சோற்றுக்கு அப்புறம் ஐந்தாவது பீரியடு.
சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பினால்
ஜன்னலைச் சாத்தச் சொல்வார் டெல்பின் மிஸ்.
இன்று கடல் காற்று. திறந்தே கிடக்கிறது.

கரும்பலகையில் ஐரோப்பா.
இத்தாலி மட்டும் இத்தாலி மாதிரி இருக்கிறது,
மற்றதெல்லாம் சாக்பீஸ் போன போக்கு.

"போருக்கு உடனடிக் காரணம்?"
"சாராஜீவோவுல இளவரசரைச் சுட்டது மிஸ்."
"அடிக்கோடு போடுங்க. ஒரு மார்க்குல வரும்."

கோடு போடுகிறேன்.
எனக்குத் தெரிந்த உடனடிக் காரணம் வேறு:
மாசி மாதம், விடியக்காலை மூன்றரை,
முகத்துவாரம் தாண்டிப் போட்டிருந்த எங்கள் வலைமேல்
அவர்களுடைய சுருக்குமடிப் படகு ஏறிப் போனது.
எட்டு மணிக்கு மீன் ஏலம் நின்றது.
ஒன்பதுக்கு எங்கள் பக்கம் மூன்று ஊர்,
அவர்கள் பக்கம் ஐந்து ஊர்.
அந்த ஐந்தில் இரண்டுக்கு
எதற்காக வந்தோம் என்றே தெரியாதாம்.
"ராணுவக் கூட்டணிகள்" என்று மிஸ் எழுதுகிறார்,
சாக்பீஸ் உடைகிறது.

சங்கவி அவர்கள் ஊர்.
என் பெஞ்சு, என் பக்கத்து இடம்.
அவள் சித்தப்பா தலையில் பதினொரு தையல்.
எங்கள் படகு எரிந்த இடத்தில்
மணல் இன்னும் கறுப்பாகவே இருக்கிறது.
பெஞ்சின் நடுவே கவராயத்தால் கீறிய கோடு ஒன்று உண்டு.
நான் கீறவில்லை.
அவளும் இல்லை என்கிறாள்.

"எம்டன் கப்பல் சென்னையில குண்டு போட்டுச்சு" என்றதும்
வகுப்பு மொத்தமும் சங்கவியைத் திரும்பிப் பார்த்தது.
ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவளுக்கு அதுதான் பட்டப்பெயர்.
பாடம் முழுக்கத் தேடினாலும்
எங்கள் கரைக்கு வந்த ஒரே கப்பல் அதுதான்,
அதையும் வசவாக்கி வைத்திருக்கிறோம்.
அவள் சிரித்தாள்.
நாற்பது நாளில் முதல் தடவை, என்னைப் பார்த்து.

கண்ணாடி மண்டபத்தில் கையெழுத்தானது வெர்சேல்ஸ்.
எங்களுடையது கோட்டாட்சியர் அலுவலகத்தில்,
ஒரு டியூப்லைட் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது என்றார் அப்பா.
ஊருக்குப் பதினொரு பேர். டீயும் சமோசாவும்.
இன்ன தூரத்துக்குள் வரக்கூடாது,
இன்ன எஞ்சின் வைக்கக்கூடாது,
எரிந்த படகுக்கு இவ்வளவு, உடைந்த தலைக்கு அவ்வளவு.
அப்பா தன் பெயரை எழுத்துக்கூட்டிப் போட்டுவிட்டு
பேனாவை மறந்து சட்டைப்பையில் வைத்து வந்துவிட்டார்.
அந்தப் பேனாவில்தான் நான் இப்போது எழுதுகிறேன்.

மாதத் தேர்வில் இந்தக் கேள்வி வந்தது:
உடன்படிக்கையின் சரத்துகளை விவரி, ஐந்து மார்க்.
ஜெர்மனிக்கு நீர்மூழ்கிக் கப்பல் கூடாது,
போர் நட்ட ஈடு கட்ட வேண்டும்,
இதுவரைக்கும் சரி.
அப்புறம் கை தானாக ஓடி
"இரவில் வலை வீசக் கூடாது" என்று எழுதிவிட்டது.
மிஸ் சிவப்பு மையால் சுழித்திருந்தார்.
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி.
மார்க்கைக் குறைக்கவில்லை.

இன்று வரைபடம் குறிக்கும் நாள்.
என்னிடம் நீலப் பென்சில் இல்லை, அவளிடம் இருக்கிறது.
கோட்டுக்கு அந்தப் பக்கம் கை நீட்டாமல்
கோட்டின் மேலேயே வைத்தாள்.
வடகடல், பால்டிக், கருங்கடல்
எல்லாவற்றுக்கும் ஒரே நீலம் அடித்தேன்.
துருவியபோது தூள் இரண்டு பக்கமும் விழுந்தது.

"மொதல் போர் எப்ப முடிஞ்சுது?"
"பதினெட்டுல."
"அடுத்தது?"
"முப்பத்தொம்போது."
விரல் மடக்கிக் கூட்டினாள்.
"அப்ப நமக்கு முப்பத்தாறு வயசு இருக்கும்டி."

பெல் அடித்தது.
அடுத்து கணக்கு.
யாரோ எழுந்து ஐரோப்பாவை அழித்தார்கள்,
இத்தாலியின் கால் மட்டும் போகவில்லை.
பென்சிலை அவள் திருப்பிக் கேட்கவில்லை,
நானும் கொடுக்கவில்லை.