இரவல் நான்

பிரெஷோவ் நகரசபை வாசலில் மேடை.
செப்டம்பர் மழை விட்டுவிட்டுத் தூறுகிறது.
ஒலிபெருக்கியை ஒட்டி
ஒரு சதுர மீட்டர் என்னுடையது.
கறுப்புச் சட்டை. நகப்பூச்சு கூடாது, மோதிரம் கூடாது.
காது கேளாதவர்கள் முன்வரிசையில் ஐந்து பேர்;
அவர்களுக்காக என் கைகள், மணிக்கு முப்பது யூரோ.

உயிர் காக்கும் பேரணிக்கு
முதல் பேச்சு மேயர் வெந்தெலின் ஹ்ராப்சாக்.
"பிள்ளை பிறக்காத ஊருக்கு மேயர் எதற்கு?"
கூட்டம் சிரித்தது.
நான் கொண்டுபோய்ச் சேர்க்க அரை நொடி ஆகும்.
ஊர் சிரித்து ஓய்ந்தபின்
ஐந்து பேர் சிரித்தார்கள்.
"குடும்பமே நகரத்தின் முதல் செங்கல்" என்றார்.
செங்கல்லைக் கையால் சொல்வது எளிது.
கண்ணியம்தான் கடினம்,
விரல் போதாமல் முகத்தையும் சேர்க்க வேண்டும்.

அடுத்து பாதிரியார் மெத்தொத் காச்சுர்.
கிரேக்கக் கத்தோலிக்கர்; அவர்களில் மணமானவர்கள் உண்டு.
"நான் ஆறு பிள்ளைகளின் தகப்பன்."
அவர் நான் என்றால்
நான் என் மார்பைத் தொட வேண்டும். தொழில் அது.
தொட்டேன். ஆறு என்று காட்டினேன்.
என் வீட்டில் ஒரு பூனைகூட இல்லை.

"ஆறாவது ஆபத்து என்று மருத்துவர் சொன்ன இரவு
நானும் மனைவியும் சமையலறையில்
விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தோம்.
விசுவாசம் இருந்ததா என்று கேட்காதீர்கள்.
பயம் இருந்தது.
அவள்தான் முதலில் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்."
இதைச் சொல்கையில் அவர் தாளைப் பார்க்கவில்லை.
மேடைக்குக் கீழே பொஹ்தனா
அந்த ஆறாவதை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

குழந்தை என்று காட்ட
இரு கைகளையும் மடித்து ஆட்ட வேண்டும்.
காலையிலிருந்து நாற்பது முறையாவது
வெறுங்காற்றைத் தாலாட்டியிருப்பேன்.

அப்போது முன்வரிசையில் ஒருத்தி கை உயர்த்தினாள்.
நோரிகா. தையல் ஆலையில் வேலை.
பச்சை மழைக்கோட்டு, பொத்தான் எட்டவில்லை.
அவள் பேசத் தொடங்கினாள், சதுக்கத்துக்குக் கேட்காமல்.
பாதிரியாரும் பேசிக்கொண்டேதான் இருந்தார்.
என் கைகள் நின்றுவிட்டன.
அதைப் பார்த்துத்தான் அவர் நின்றார்.
"என்ன சொல்கிறாள்?"
மேயர் கடிகாரத்தைப் பார்த்தார்.
பாதிரியார் ஒலிவாங்கியை என் பக்கம் திருப்பினார்.

விதி ஒன்றுதான்.
அவள் நான் என்றாலும் நான்தான்.
"நான் ஏழு மாதம்" என்றேன்.
சதுக்கமே என் வயிற்றைப் பார்த்தது.
"தெரிந்த அன்றே வீட்டுக்காரர்
மாத முடிவுக்குள் காலி செய் என்றார்.
அவரும் இங்கேதான் நிற்கிறார், கையில் கொடியோடு.
நான் பெற்றுக்கொள்வேன். அதில் சந்தேகமில்லை.
எந்தக் கதவுக்குள் கொண்டுபோக,
அதை மட்டும் சொல்லுங்கள்."

குரல் நடுங்கியது.
நடுக்கம் யாருடையது என்பதற்கு
என் ஒப்பந்தத்தில் வரி இல்லை.

யாரோ கைதட்டத் தொடங்கி, வெட்கப்பட்டு நிறுத்தினார்.
ஒரு கொடி மெல்ல இறங்கியது. யாருடையதென்று நான் தேடவில்லை.
பாதிரியார் வாய் திறந்தார், மூடினார்.
"திங்கட்கிழமை என் அலுவலகத்துக்கு..." என்றார் மேயர்,
சட்டைப்பையில் பேனா துழாவியபடி.
"இன்று சனிக்கிழமை" என்றாள் பொஹ்தனா.
ஒலிவாங்கி இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது.

படியேறிப் பிள்ளையை மேயர் கையில் திணித்தாள்.
அது அவருடைய பதவிச் சங்கிலியைப் பிடித்து
வாயில் வைத்துக்கொண்டது.
அவர் அசையாமல் நின்றார்,
தேர்தலில் ஒருமுறைகூட அப்படி நின்றதில்லை.
பாதிரியார் மிச்ச உரையை நான்காக மடித்தார்.

பொஹ்தனாவுக்குச் சைகை தெரியாது.
விரலால், புருவத்தால், சாவிக்கொத்தால்
என்னென்னவோ செய்தாள் நோரிகா எதிரில்.
எல்லாம் தப்பு.
நோரிகா சிரித்தாள், இந்த முறை தாமதமில்லாமல்.
அங்கே நான் தேவைப்படவில்லை.

டிராலிபஸ்ஸில் கூட்டம்.
பதினாறு வயதிருக்கும், நனைந்த காகிதக் கொடியோடு ஒரு பையன்,
பேரணியில் எங்கோ பின்னால் நின்றிருப்பான்,
என்னைக் கண்டதும் சட்டென எழுந்தான்.
"ஏழு மாதம் அல்லவா? உட்காருங்கள்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
உட்கார்ந்தேன்.